நாடா இறுகிய இடம்

ஒன்பதாம் நாள் காய்ச்சலோடு வந்தாள் ஒச்சம்மாள்
உசிலம்பட்டி ஆஸ்பத்திரிக்கு.
மகன் பைக் ஓட்ட, நடுவில் அவள்,
விழாமல் பின்னால் பிடித்தபடி தவசி.

மஞ்சள் பைக்குள்
மூன்று டாக்டர்களின் சீட்டு,
டெங்கு இல்லை என்ற தாள்,
டைபாய்டாக இருக்கலாம் என்ற தாள்,
பாதி தீர்ந்த மாத்திரை அட்டைகள்,
யாரோ மந்திரித்துக் கொடுத்த திருநீறு.

நாலாவது சீட்டை நான் எழுதினேன்.
தலைவலி, கண் சிவப்பு,
தட்டணுக்கள் எழுபதாயிரம்.
காரணம் என்ற இடத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுவிட்டு
டீ குடிக்கப் போனேன்.
இதை மறைத்தால் மற்றதை எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

இரவு பதினொன்றரைக்கு மூச்சு வாங்கியது.
மூக்கில் ஆக்ஸிஜன் வைத்தோம்.
"காது அடைச்சிருக்கு தாயி, சத்தமாப் பேசு."
சத்தமாகக் கேட்டேன், என்ன வேலைக்குப் போறீங்க?
"நூறு நாள் வேலை. அது இல்லாத நாளு
திடியன் மலைக்குக் கீழ ஆட்டுக்குப் புல்லு."
பூச்சி ஏதும் கடிச்சுதா?
"வீட்டுக்காரரு சட்டையப் போட்டுத் தலையில துண்டக் கட்டி
எல்லாத்தையும் மூடித்தான் போவேன்.
என்னைய எது கடிக்கும்?"

வயிற்றை அழுத்திப் பார்த்த கை
சற்றே கீழே இறங்கியபோது தட்டுப்பட்டது,
தொடை இடுக்கில் நெறிகட்டி,
புளியங்கொட்டை அளவு.
நெறி கட்டினால் பக்கத்தில் எங்கோ புண் இருக்கும்.
பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த விஷயம்.
படித்த நான்
சேலைக்கு மேலேயே பார்த்து முடித்திருந்தேன்.

வார்டில் திரை கிடையாது.
ஜெசிந்தா சிஸ்டர் ஒரு முனை,
தரை துடைக்கும் முத்துப்பேச்சி ஒரு முனை,
பச்சைப் போர்வையை உயர்த்திப் பிடித்தார்கள்.
தவசி தானாகவே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
ஒச்சம்மாளின் கை நாடா முடிச்சின் மேல் இருந்தது.
எடுக்கவில்லை.
முத்துப்பேச்சிக்குக் கை வலித்து
போர்வை ஒரு பக்கம் சரிந்து, மறுபடி ஏறியது.

பிறகு அவளே அவிழ்த்தாள்.

கிணற்றுக் கல்லில் கயிறு அறுத்த தடம் மாதிரி
முப்பது வருடம் நாடா இறுக்கிய கறுப்பு இடுப்பைச் சுற்றி.
அந்தக் கறுப்புக்குள் இன்னொரு கறுப்பு.
பீடி நெருப்பை அமுக்கி அணைத்தது போல
காய்ந்த பொருக்கு,
அதைச் சுற்றிச் சிவந்த கரை.

"இது வலிக்கலையா?"
"வலிச்சாச் சொல்லியிருக்க மாட்டேனா?"

ஊரில் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள்.
சரியாகச் சொன்னால் உண்ணிக்கு ஒன்றுவிட்ட தங்கை,
மழை விட்ட ஐப்பசியில்
புல்நுனியில் ஆள் பார்த்திருக்கும் சிவப்புத் தூசி.
கணுக்காலில் தொற்றி
முழங்கால், தொடை என்று துணிக்குள்ளேயே நடந்து
நாடா இறுகிய இடத்தில் வழி அடைபட்டு
அங்கேயே வாயை வைத்திருக்கிறது.

ரத்தம் மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போனது.
முடிவு வர மூன்று நாள்.
அதுவரை பொறுக்கிற காய்ச்சல் இல்லை இது.
டாக்ஸிசைக்ளின், காலை ஒன்று, இரவு ஒன்று.
சாப்பிட்டுவிட்டு, நிறையத் தண்ணீரோடு.
பாலோடு வேண்டாம்.
விழுங்கிய கையோடு படுக்கவும் வேண்டாம்.
"ஊசி கெடையாதா?" என்றார் தவசி,
ஏமாற்றப்பட்டவர் போல.

மறுநாள் முழுக்கக் கொதித்தது.
அதற்கடுத்த விடியலில்
தலையணை நனைய வியர்த்து
தெர்மாமீட்டர் தொண்ணூற்றெட்டில் நின்றது.
மதுரையிலிருந்து பாசிட்டிவ் என்று தாள் வந்தபோது
ஆட்டுக்கு யார் புல் அறுத்தது என்று
புருஷனை வைதுகொண்டிருந்தாள்.

ஏழு நாளும் விடாமப் போடணும்,
காட்டுக்குப் போய் வந்தா வெந்நீர்ல குளிக்கணும்,
போட்ட துணிய அன்னிக்கே அலசணும் என்று
கட்டிலருகே நின்று கத்திக்கொண்டிருந்தேன்.

கையைப் பிடித்து நிறுத்தினாள்.
"மெதுவாப் பேசு தாயி.
காது கேக்குது."